பலாக்கட்டையில் கண்ட காளான்: புது இனம் என்று எழுதலாமா?

சோளக்காட்டுப்பெண் எழுதியது:

வணக்கம். எம்.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் கொல்லிமலை. ஐப்பசியில் விடுமுறைக்குப் போனபோது பாட்டி வீட்டின் பின்னால், மிளகுக்கொடி ஏற்றியிருந்த பலாமரம் சாய்ந்து கிடந்தது. அதன் அடிப்பக்கத்தில் அலமாரித் தட்டு மாதிரி ஒரு காளான். மூன்று விரல் அகலம். மேலே துருப்பழுப்பு நிறத்தில் வெல்வெட் துணி போல இருந்தது, ஓரம் மட்டும் மஞ்சள். கீழ்ப்பக்கம் முழுக்க ஊசி குத்திய மாதிரித் துளைகள். பெயர்த்து எடுத்து வந்தேன்.

கல்லூரி ஆய்வகத்தில் டிஎன்ஏ எடுத்து, பூஞ்சைகளை அடையாளம் காண உதவும் ஐடிஎஸ் என்ற பகுதியை வரிசைப்படுத்த வெளியே அனுப்பினோம். தரவுத்தளத்தில் தேடியபோது மிக நெருங்கியது என்று வந்ததே 91 சதவீதம்தான். வழிகாட்டிக்கு ஒரே சந்தோஷம். "புது இனம்தான், செமஸ்டர் முடிவதற்குள் எழுதி அனுப்பிவிடு" என்கிறார். அவருடைய துறை தாவரச் செயலியல் என்பதால் இதை எப்படி எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

91 போதுமா? விவரணை எழுதுவதை எங்கிருந்து தொடங்குவது? அப்புறம், சிரிக்காதீர்கள், என் பாட்டியின் பெயரை வைக்க முடியுமா? பாட்டி பெயர் செல்லம்மா.

ஜெல்_ஓட்டி எழுதியது:

வாழ்த்துகள். ஆனால் கேக் வெட்டுவதற்கு முன் சில விஷயங்களைப் பாருங்கள். 91 என்பது உங்கள் வரிசை முழுவதற்கும் வந்ததா, அல்லது பாதி நீளத்துக்கு மட்டுமா? குரோமடோகிராமை, அதாவது வரிசையின் சிகர வரைபடத்தை, திறந்து சிகரங்கள் சுத்தமாக இருக்கின்றனவா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். மழைக்காலத்தில் எடுத்த மரக்காளானில் ட்ரைக்கோடெர்மா மாதிரிப் பூசணம் ஏறியிருந்தால், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரில் அதுதான் முதலில் பெருகும். இரண்டும் கலந்து ஒட்டிய வரிசையும் வரும். அது உலகத்தில் எதோடும் பொருந்தாது, பார்ப்பவருக்குப் புது இனம் மாதிரியே தெரியும்!

எதிர்ப்பக்கமும் உண்டு. தரவுத்தளத்தில் இருக்கும் பெயர்களையும் அப்படியே நம்ப முடியாது. 2006இல் ஒரு குழு சோதித்துப் பார்த்து, பூஞ்சை வரிசைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இனப்பெயர் தவறாக இருக்கலாம் என்று எழுதியது. பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கோடு, பூஞ்சை வரிசைகளுக்கான யுனைட் தரவுத்தளத்திலும் தேடுங்கள். பிறகு 28எஸ் என்ற இன்னொரு டிஎன்ஏ பகுதியையும் எடுங்கள். சில பேரினங்களுக்கு ஐடிஎஸ் வரிசை குறைவாகவும் 28எஸ் நிறையவும் கிடைக்கும். உங்களுக்கு 91 வந்ததற்கு, நெருங்கிய இனத்தின் ஐடிஎஸ்ஸை யாரும் இதுவரை ஏற்றாததே காரணமாக இருக்கலாம்.

பழைய_மைக்ராஸ்கோப் எழுதியது:

கண்ணு, அந்த 91ஐ ஒரு ஓரமாக வை. என் முதல் கேள்வி வேறு: அந்தக் காளானில் இப்போது உன் கையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

ஏன் கேட்கிறேன் என்றால், இனத்தின் பெயரை ஓர் உலர்ந்த மாதிரியோடுதான் கட்டி வைக்கிறோம். அதுதான் ஹோலோடைப். நூறு வருடம் கழித்து எவனோ ஒருவன் சந்தேகப்பட்டு அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பான். பிரித்தால் உள்ளே காளான் இருக்க வேண்டும், பொடி இருக்கக் கூடாது. என் முதல் வருடச் சேகரிப்பை வெயிலில் காய வைத்து, பாலித்தீன் பையில் போட்டு, அழகாக எண் எழுதி அலமாரியில் அடுக்கினேன். அடுத்த வருடம் திறந்தால் பாதிப் பைகளில் காபிப்பொடி. எள் அளவு வண்டுகள், சியிடே குடும்பம், மரக்காளானைத் தின்றே வாழ்பவை. குற்றம் வண்டு மேல் இல்லை. 40, 45 டிகிரி சூட்டில் காற்றோட்டமாக உலர்த்தி, பிறகு ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து, காகிதப் பொட்டலத்தில் மடித்திருந்தால் இன்றும் இருந்திருக்கும். உலர்த்தும் கருவி இல்லையா? அட்டைப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு, மேலே கம்பி வலை. நாங்கள் பல வருடம் அப்படித்தான் ஓட்டினோம்.

அடுத்தது மரம். "சாய்ந்து கிடந்தது" என்கிறாய். தலைப்பில் "கட்டை" என்கிறாய். செத்த மரமா, உயிருள்ள மரமா? காளான் இருந்தது பட்டையிலா, பட்டை உரிந்த இடத்திலா? மரம் உள்ளே வெளுத்துப் பஞ்சாக இருந்ததா, பழுப்பாகச் சதுரம் சதுரமாக வெடித்திருந்ததா? இதெல்லாம் மரத்தடியில் நின்று பென்சிலால் எழுத வேண்டியவை. ஊருக்கு வந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் நமக்குப் பிடித்த பதிலைத்தான் எழுதுவோம்.

இப்போது கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு சதையின் மேல் விடு. உடனே கறுத்துவிட்டால் அது ஹைமினோகீட்டேசியே குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். துருப்பழுப்பு என்று நீ சொன்னதும் என் மனம் அங்கேதான் போயிற்று. கறுத்தால் பிளேடால் குறுக்கே வெட்டி, மேலே இருக்கும் பஞ்சுத் தோலுக்கும் அடியில் இருக்கும் கெட்டிச் சதைக்கும் நடுவில் கறுப்புக் கோடு ஓடுகிறதா என்று பார்.

பிறகு மைக்ராஸ்கோப். துளைச் சுவரிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, இழைகளைப் பார். மெல்லிய சுவரோடு குறுக்குத் தடுப்பு உள்ள இழைகள் மட்டுமா, தடித்த சுவர் இழைகளும் உண்டா, கிளைத்துப் பின்னிக் கட்டும் மூன்றாவது வகையும் இருக்கிறதா? இப்படி இழைகளைப் பிரித்துப் பார்க்கும் முறையை 1932இல் எழுதியவர் கார்னர். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்தவர். அவர் அதற்கு எடுத்துக்கொண்ட காளானை நீ நிச்சயம் மிதித்திருப்பாய்: மஞ்சள் கால், புனல் மாதிரித் தட்டு, பழுப்பு வளையங்கள், ஈரக்காட்டில் விழுந்த சுள்ளியெல்லாம் முளைக்கும் மைக்ரோபோரஸ் சாந்தோபஸ். நம் வெப்பமண்டலக் குப்பையிலிருந்து கிளம்பிய முறை அது. மரக்காளான் பார்ப்பவர்கள் இன்றும் அதை வைத்துத்தான் தொடங்குகிறார்கள்.

வித்துகளில் குறைந்தது முப்பதாவது அள. கண்ணுக்கு அழகாக இருப்பதைப் பொறுக்காதே, வரிசையாக வருவதையெல்லாம் அள. நீளம், அகலம், இரண்டின் விகிதம், சுவரின் தடிப்பு, நிறம். அயோடின் கலந்த மெல்ஸர் கரைசலில் நீலமாகிறதா, செம்பழுப்பாகிறதா, ஒன்றும் ஆகவில்லையா? காட்டன் புளூ சாயத்தில் சுவரில் நிறம் ஏறுகிறதா? எந்தக் கரைசலில் வைத்து அளந்தாய் என்பதையும் எழுது, ஹைட்ராக்சைடில் வித்து உப்பும். ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை துளை என்றும் எண்ணு. துளைகளுக்கிடையே கூரான பழுப்பு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று தேடு. இல்லாவிட்டால் "இல்லை" என்பதையும் எழுத வேண்டும். நிறைய பேர் இருப்பதை மட்டும் எழுதிவிட்டு இல்லாததை விட்டுவிடுகிறார்கள். ஒப்பிடுகிறவனுக்கு இல்லாததுதான் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

இதெல்லாம் சேர்ந்தாலும் வந்திருப்பது வர்ணனை மட்டும்தான். புதிது என்று சொல்ல, பழையவை எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். அங்கேதான் நான் ஒருமுறை மூக்குடைபட்டேன். ஒரு புளியமரக் கிளையின் அடியில் வெள்ளையாகப் படர்ந்து, நெளிநெளியாகத் துளைகள் கொண்ட ஒன்று கிடைத்தது. தொப்பியே இல்லை. புத்தகத்தில் எதோடும் சேரவில்லை. பெயர் கூட யோசித்துவிட்டேன். மறு மழைக்குப் போனால் அதே கிளையில் அதே காளான் ஓரத்தை மடக்கித் தொப்பி விட்டிருக்கிறது, அடியிலிருந்து சிவப்புத் தோல் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏர்லியெல்லா ஸ்காப்ரோஸா. வெப்பமண்டலம் முழுக்கக் கிடைக்கும் காளான், அதற்கு முன் நானே எத்தனையோ முறை சேகரித்தது. அதன் இளம் வயதை நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அதனால்தான் ஒற்றைக் காளானை வைத்துக்கொண்டு எழுதாதே என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

எதோடு ஒப்பிடுவது என்பதும் ஒரு சிக்கல். வெளிநாட்டுப் புத்தகத்தைப் பிரித்து, படத்தைப் பார்த்து, அந்தப் பெயரையே நம் மரத்திலும் ஒட்டுவது இங்கே நெடுநாள் பழக்கம். தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோய் என்று கேள்விப்பட்டிருப்பாய். 1952இல் தஞ்சாவூர்ப் பக்கம் தெரிய வந்ததால் அந்தப் பெயர். நோய்க்குக் காரணம் கானோடெர்மா லூசிடம் என்ற காளான் என்று நாங்கள் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம். அந்த லூசிடம் என்கிற பெயர் 1781இல் லண்டன் பக்கத்து மாதிரியை வைத்துக் கர்ட்டிஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் கொடுத்தது. குளிர்நாட்டு மரத்துக் காளானின் பெயரை எங்கள் தென்னைக்கும் சூட்டி எத்தனை காலம்! சீனர்கள் மருந்தாக வளர்க்கும் லிங்ஜியும் அதே பெயரில்தான் ஓடியது. 2012இல்தான் அதற்குக் கானோடெர்மா லிங்ஜி என்று தனிப்பெயர் வந்தது. ஆகவே உன் காளான் புதிதாக இருக்க நியாயம் உண்டு. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சட்டப் பக்கம் சுருக்கமாக. விவரணை ஆங்கிலத்திலோ லத்தீனிலோ இருக்க வேண்டும். 2012க்கு முன் என்றால் லத்தீன் கட்டாயம், நீ தப்பித்தாய். 2013 முதல் மைக்கோபேங்க் போன்ற பதிவகத்தில் எண் வாங்கி அதைக் கட்டுரையில் அச்சிடாவிட்டால் பெயர் செல்லாது. ஹோலோடைப் எந்த ஹெர்பேரியத்தில் (உலர்மாதிரிக் காப்பகத்தில்), எந்த எண்ணில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பூனாவில் அஜ்ரேகர் ஹெர்பேரியம் பூஞ்சைக்கென்றே இருப்பது. உன் பீரோ ஹெர்பேரியம் ஆகாது. நம் பல்லுயிர்ச் சட்டம் 2002, 39ஆம் பிரிவின்படி, புது இனம் கண்டுபிடிப்பவர் யாராக இருந்தாலும் அதற்கென்று அறிவித்த நிறுவனத்தில் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும். பாட்டியின் பட்டா நிலம் என்பதால் அவர் சம்மதம் போதும் என்று நினைப்பாய், எடுப்பதற்குச் சரி. வேலிக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு சுள்ளியையும் தொடாதே. இதழுக்குப் பணம் கட்டவும் அவசரப்படாதே. ஃபைட்டோடாக்ஸா மாதிரிக் கட்டணம் இல்லாமல் போடும் இதழ்கள் உண்டு.

பாட்டி பெயருக்கு நான் சிரிக்கவில்லை. தாராளமாக வைக்கலாம். செல்லம்மா "ஆ"வில் முடிவதால் லத்தீன் விதிப்படி கடைசியில் ஓர் "e" எழுத்தைச் சேர்த்தால் போதும், செல்லம்மே (chellammae) என்று வரும். ஊர்ப்பெயர் வைத்தால் பேரினத்தின் பால் பார்க்க வேண்டும்: ஆண்பால், பெண்பால் என்றால் கொல்லியென்சிஸ், கானோடெர்மா மாதிரி அலிப்பால் என்றால் கொல்லியென்சே. கானாவில் வீரோ என்ற ஊரில் கிடைத்ததற்கு 2015இல் கானோடெர்மா வீரோயென்சே என்று வைத்தார்கள், அதே விதிதான். உன் பெயரை நீயே வைத்துக்கொள்ள மட்டும் கூடாது. விதி தடுக்கவில்லை, ஊர் சிரிக்கும்.

சோளக்காட்டுப்பெண் எழுதியது:

மேடம், மிக்க நன்றி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எடுத்தது ஒன்றே ஒன்று. அதில் பாதியை அரைத்து டிஎன்ஏ எடுத்தாயிற்று. மீதி பாலித்தீன் பையில்தான் இருந்தது. உங்கள் பதிலைப் படித்த கையோடு ஓடிப்போய்ப் பார்த்தேன், அடியில் கொஞ்சம் பொடி உதிர்ந்திருக்கிறது. இப்போது உறைபெட்டியில்.

ஹைட்ராக்சைடு சொட்டுக்கு உடனே கறுத்தது. குறுக்கே வெட்டினால் கறுப்புக் கோடு இருக்கிறது! முட்கள் தேடினேன், மூன்று சீவலிலும் இல்லை. வித்து வெளிர்மஞ்சள், மிகச் சின்னது, நான்கு மைக்ரானைத் தாண்டவில்லை. பன்னிரண்டுதான் கிடைத்தன. இழைகளில் தடித்தவை தனி வகையா, வயதான அதே இழைகளா என்று எனக்குப் புரியவில்லை.

மரத்தைப் பற்றிப் பாட்டியிடம் போனில் கேட்டேன். "செத்தது எங்கடி, ஒரு பக்க வேரு மண்ணுலதான் இருக்கு, துளிர் விட்டிருக்கே" என்றார். நான்தான் கட்டை என்று எழுதிவிட்டேன்.

பேராதனைப்பக்கம் எழுதியது:

தங்கச்சி, இலங்கையில் இருந்து எழுதுகிறேன். தென்னிந்திய மரக்காளான் என்றால் எங்கட பழைய பெயர்ப்பட்டியலைப் பார்க்காமல் விடாதீர்கள். பேராதனைப் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்த துவைட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் காளான்களைக் காய வைத்து இங்கிலாந்துக்குப் பெட்டி பெட்டியாக அனுப்பினார். அங்கே பூஞ்சையியலாளர்கள் பெர்க்லியும் புரூமும் அவற்றை 1870களில் விவரித்து வெளியிட்டார்கள். பெர்க்லியின் சேகரிப்பு 1879இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது. ஆகவே இலங்கைக் காளானின் மூலமாதிரிகளைப் பார்க்க லண்டனுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. அவர்கள் இருவரும் அந்தக் காட்டைக் கண்டதில்லை, கையில் காய்ந்த துண்டு மட்டும்தான். 1905இல் பேராதனைக்கு வந்த பூஞ்சையியலாளர் பெட்ச் அதே காளான்களை உயிரோடு பார்த்து, இளசுக்கு ஒரு பெயரும் முற்றலுக்கு இன்னொரு பெயரும் விழுந்திருப்பதை வருடக்கணக்காகத் திருத்திக்கொண்டிருந்தார். அவரும் பிஸ்பியும் சேர்ந்து செய்த இலங்கைப் பூஞ்சைகளின் பட்டியல், பெட்ச் இறந்த பிறகு, 1950இல் வந்தது. அதைத் தேடி எடுங்கள். மேடம் சொன்ன புளியமரக் கதை பெர்க்லிக்கும் நடந்ததுதான்.

பழைய_மைக்ராஸ்கோப் எழுதியது:

பெர்க்லியோடு என்னைச் சேர்த்ததற்கு நன்றி, இன்று சாப்பாடு இறங்கும்.

கண்ணு, கறுப்புக் கோடு, வெளிர்மஞ்சள் சின்ன வித்து, முள் இல்லை, மேலே வெல்வெட், உயிருள்ள மரம். ஃபில்லோபோரியா பேரினத்தைப் படி. வெப்பமண்டலத்தில் சமீப வருடங்களில் அதில் நிறைய புது இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. பல இனங்கள் உயிருள்ள மரத்தில், அதுவும் குறிப்பிட்ட மரத்தில் மட்டுமே வருபவை. உன் பாட்டி சொன்ன துளிர் அதனால்தான் முக்கியம். கட்டை என்று அச்சாகியிருந்தால் பின்னால் வருபவர்களெல்லாம் செத்த மரத்தில் தேடி அலைந்திருப்பார்கள். அந்தப் பேரினத்தின் வம்சமரத்தைப் பெரும்பாலும் 28எஸ் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். ஜெல்_ஓட்டித் தம்பி சொன்னது உனக்கு அப்படியே பொருந்தும்.

இழைக் குழப்பத்துக்கு வழி: ஹைட்ராக்சைடில் சீவலைக் கொஞ்சம் ஊற வைத்து, ஊசியால் பிரித்து, ஒரே இழையை முடிந்தவரை தொடர்ந்து போ. தடித்த இழையில் குறுக்குத் தடுப்பு வந்தால் அது வயதான அதே இழைதான். நீண்ட தூரம் ஒன்றும் வராவிட்டால் வேறு வகை. ஒரு மத்தியானம் போகும், போகட்டும்.

பன்னிரண்டு வித்து போதாது. பாதித் துண்டு ஹோலோடைப்புக்கும் போதாது. மறுபடி ஊருக்குப் போ. செமஸ்டர் முடிவதற்குள் எழுத வேண்டும் என்பது உன் வழிகாட்டியின் அவசரம், காளானுக்கு அந்த அவசரம் கிடையாது.

சோளக்காட்டுப்பெண் எழுதியது:

பொங்கலுக்குப் போய்விட்டு வந்தேன். அதே மரத்தில் இன்னும் மூன்று, எல்லாம் வேர்ப்பக்கம். மேட்டில் பெரியப்பா நிலத்தில் நேராக நிற்கும் ஒரு பலாவில், ஆள் உயரத்தில் இரண்டு. பக்கத்திலேயே நிற்கும் சில்வர் ஓக், காபி எதிலும் இல்லை, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பென்சிலால் அங்கேயே எழுதினேன். பல்புப் பெட்டி வேலை செய்கிறது. விடுதியில் முதல் நாள் இரவு தீயணைப்பு அட்டையைக் காட்டிச் சண்டை போட்டார்கள்.

இரண்டு மாதிரியிலிருந்து தலா நாற்பது வித்து அளந்துவிட்டேன். எண்பதும் நான்கு மைக்ரானுக்குள்தான். தடித்த இழையில் தடுப்பு வருகிறது, ஒரு மத்தியானம் இல்லை, இரண்டு மத்தியானம் ஆயிற்று. 28எஸ் அனுப்பியிருக்கிறோம். வழிகாட்டி ஆனி வரைக்கும் பொறுக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

பாட்டியிடம் பெயர் விஷயத்தைச் சொன்னேன். "மரத்தை அரிக்கிற பீடைக்கு எம்பேரா?" என்று கேட்டுவிட்டு, அன்று மாலையே பெரியம்மாவுக்குப் போன் போட்டு லத்தீன் பெயர் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு சந்தேகம் மேடம். சாய்ந்த பலாவை மாமா சித்திரையில் அறுக்கப் போகிறார். மரத்தையும் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டுமா?

பழைய_மைக்ராஸ்கோப் எழுதியது:

வேண்டும். காளான் இருந்த இடத்துக்கு நேர் உள்ளே, வெளுத்த மரமும் நல்ல மரமும் சேர்ந்து வரும்படி ஒரு சாண் துண்டு. அறுப்பதற்கு முன் பட்டையோடு ஒரு போட்டோ, அளவுகோல் வைத்து. மாமாவை ரம்பத்தோடு அவசரப்பட வேண்டாம் என்று சொல், நீ வந்த பிறகு அறுக்கட்டும்.